பள்ளிக்கூடத்துப் பேய்க்கதைகளும் குறும்புகளும்: உள்ளே நடப்பது என்ன?

பழையமணி (கேள்வி)

நண்பர்களே, பழைய மாணவர் மலர் ஒன்றுக்காக, பதின்ம வயதில் பள்ளியில் புழங்கிய கதைகளையும் குறும்புகளையும் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கின்றன. நாணயத்தில் ஆவி இறங்கியது, இருட்டறைக் கண்ணாடியில் வேறு முகம் தெரிந்தது, நாலு பேர் விரலால் ஒருத்தரைத் தூக்கியது, ஆளில்லாத வராந்தாவில் பின்னாலேயே வரும் காலடிச் சத்தம். குறும்புகளில் மறையும் மை, அரிப்புத்தூள், சாக்பீஸ் பிடிக்காத கரும்பலகை.

வெறும் நினைவாக அச்சிட்டால் நாலு பக்கத்தில் சலித்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் அது எப்படி நடக்கிறது, படிக்கிற பிள்ளைகள் செய்து பார்க்கலாமா, எங்கே சொதப்பும் என்று எழுத ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல்: ஒரே கதையை ஐந்து பேர் ஐந்து விதமாக அனுப்பியிருக்கிறார்கள். எதைப் போடுவது?

---

நடுவிரல்

எழுத்துப் பலகைமேல் நாணயத்தை வைத்து, ஆளுக்கொரு விரலை அதில் வைத்து ஆவியிடம் கேள்வி கேட்கும் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அதிகம் பயமுறுத்துவதும் அதுதான், விளக்கம் மிக உறுதியாக இருப்பதும் அதற்குத்தான்.

"சத்தியமா நான் தள்ளலை" என்று எல்லாரும் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. ஓர் அசைவை மனம் எதிர்பார்த்தாலே போதும், தசை அந்தத் திசையில் துளி இயங்கிவிடும், இயக்குகிறவருக்கே தெரியாமல். 1852-ல் ஆங்கில உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் இதற்கு ஐடியோமோட்டார் என்று பெயர் வைத்தார். மறு வருடமே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஆவிகள் மேசையைச் சுழற்றுவதாக அப்போது பரவியிருந்த ஆட்டத்தைச் சோதித்தார். அட்டைகளை இளகிய பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, மேசைக்கும் கைகளுக்கும் நடுவே வைத்தார். மேசை தானாக நகர்ந்திருந்தால் அடியில் உள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும். முந்தியிருந்ததோ கையை ஒட்டிய மேலட்டை. பிறகு, கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டும் முள் ஒன்றை ஆட்டக்காரர்கள் கண்ணெதிரே வைத்தார். மேசை அசையவே இல்லை.

நாணயம் வெகுநேரம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடுமே, அங்கேதான் பிள்ளைகள் அரண்டுபோவார்கள். நிற்கிற பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்கிற பொருளை ஓட்டத் தேவைப்படுவதைவிட அதிகம். மூன்று பேரின் சின்னச் சின்னத் தள்ளல்கள் சேர்ந்து அந்த முதல் உராய்வைத் தாண்டும்வரை எதுவும் நடக்காது. தாண்டியதும் நாணயம் துள்ளி ஓடும். தான் கொடுத்த விசைக்கு மிஞ்சி ஓடுவதால், ஒவ்வொருவருக்கும் வேறு யாரோ இழுப்பதாகவே படும்.

மலரில் இதைச் சோதனையாகவே போடுங்கள். பலகையின் ஓரங்களில் எழுத்துகளை எழுதி, மூன்று பேரைக் கொஞ்சம் ஆடவிடுங்கள், நாணயம் சொற்களைக் காட்டும். பிறகு மூவர் கண்ணையும் கட்டி, விரலை எடுக்கச் சொல்லி, பலகையைச் சத்தமில்லாமல் அரைச்சுற்று திருப்பி வையுங்கள். தொடர்ந்து ஆடினால் நாணயம் எழுத்துகள் முன்பு இருந்த இடங்களுக்கே போகும். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டே வந்தால் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான்.

சொதப்பும் இடம் பெரும்பாலும் கண்கட்டு. மூக்கோரம் இடைவெளி விட்டால் கீழ்ப்பார்வையில் பலகை தெரிந்துவிடும், அங்கே பஞ்சு வையுங்கள். பலகையில் ஈரம் இருந்தால் நாணயம் ஒட்டிக்கொள்ளும், சிட்டிகை முகப்பவுடர் தூவித் துடைத்தால் சரியாகும். கைப்பாரத்தை மொத்தமாக நாணயத்தில் இறக்கினாலும் நகராது, விரல்நுனி பட்டால் போதும். சாவு, நோய் பற்றிய கேள்விகள் வேண்டவே வேண்டாம். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்த பிள்ளையை இந்த ஆட்டத்தில் உட்கார வைக்கவும் கூடாது. பதில் அவர்கள் மனதிலிருந்தே வருவதால், வருகிற சொல் ஆழமாகக் காயப்படுத்தும்.

கண்ணாடி முகம் கற்பனை இல்லை, உண்மையாகவே தெரியும். இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியோவானி கபுட்டோ 2010-ல் 50 பேரை வைத்துச் சோதித்தார். கண்ணாடிக்கு 40 செ.மீ. தள்ளி உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் 25 வாட் குண்டு பல்பு மட்டும் எரிய, 10 நிமிடம் தன் முகத்தையே பார்க்கச் சொன்னார். 66 சதவீதம் பேர் தங்கள் முகம் கோணிப்போனதாகச் சொன்னார்கள். 48 சதவீதம் பேருக்கு விசித்திர உருவங்கள், 28 சதவீதம் பேருக்கு முன்பின் அறியாத ஒருவர், 18 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு விலங்கின் முகம். பலருக்கு ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது.

ஒரே புள்ளியை அசையாமல் பார்த்தால் சுற்றியுள்ளவை மங்கி மறையும். சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். மங்கலான ஒளியில் முகத்தின் ஓரங்கள் இப்படிக் கரைந்து கரைந்து திரும்பும்போது, முகங்களைத் தேடியே பழகிய மூளை இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கண்ணாடி முன் ஆவியின் பெயரை மூன்று முறை சொல்வது, பதின்மூன்று முறை சொல்வது எல்லாம் அங்கேயே நிற்க வைக்கும் உபாயம்தான். அறை பளிச்சென்று இருந்தாலோ, கண் அலைந்துகொண்டே இருந்தாலோ ஒன்றும் தெரியாது. மெழுகுவத்தி மட்டும் வேண்டாம்: பயந்து பின்வாங்கும்போது சாய்ந்து தீப்பிடிக்கும். தனியாகவும் செய்யக்கூடாது, விளக்கு ஸ்விட்ச் அருகே ஒருவர் நிற்கட்டும்.

விரலால் தூக்குவது மிகப் பழையது. ஆங்கிலேயரான சாமுவேல் பெப்பீஸ் 1665-ல் தன் நாட்குறிப்பில், நான்கு சிறுமிகள் ஒரு பையனை ஆளுக்கொரு விரலால் தூக்கியதாகக் கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். கணக்கு எளிது. உட்கார்ந்திருப்பவர் 60 கிலோ என்றால் தூக்கும் நால்வருக்கும் தலைக்கு 15 கிலோ. இரண்டு கைகளையும் கோத்து, ஆள்காட்டி விரல்களை மட்டும் நீட்டி, அக்குளிலும் முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தால் தாராளமாகத் தாங்கும். வழக்கமாக முதல் முயற்சி தோற்பது, நால்வரும் வெவ்வேறு கணத்தில் தூக்குவதால். முந்துகிறவர் மேல் பாரம் முழுக்க விழும், உடல் சாயும். அடுத்த முயற்சிக்கு முன் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் கைகளை அடுக்குவதும் மந்திரம் முணுமுணுப்பதும் செய்கிற ஒரே வேலை, நால்வரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினாலும் அதேதான். தூக்கப்படுகிறவர் உடம்பைத் தளர்த்தினால் தூக்க வராது, விறைப்பாக இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஒரு சாணுக்கு மேல் ஏற்றாதீர்கள், பின்னால் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். பின்மண்டை தரையில் மோதும் விபத்துதான் இதில் பெரிய ஆபத்து.

---

எதிரொலி

காலடிச் சத்தத்துக்கு வருகிறேன். பள்ளி வராந்தா நீளமாக இருக்கும், ஒரு முனையில் மொட்டைச் சுவர் இருக்கும், தரையும் சுவரும் கெட்டியாக இருக்கும். அந்தச் சுவர் உங்களுக்குப் பின்னால் 20 மீட்டரில் இருந்தால், காலடிச் சத்தம் போய்த் திரும்ப 40 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போவதால் 0.12 நொடி கழித்துத் திரும்பி வரும். அந்த இடைவெளி காதுக்குத் தனிச் சத்தமாகவே கேட்கும். சாதாரண நடையில் நொடிக்கு இரண்டு காலடி விழும். ஆக, உங்கள் இரண்டு அடிகளுக்கு நடுவே இன்னொரு அடி விழும். நீங்கள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். நீங்கள் நின்ற பிறகு அது ஓர் அடி வைத்து நிற்கும். கதை பிறக்க இதைவிட என்ன வேண்டும்?

பகலில் மாணவர்களின் உடலும் துணியும் ஒலியை உறிஞ்சிவிடும், இரைச்சல் மிச்சத்தை மூடிவிடும். சோதிக்க நடக்கக்கூட வேண்டாம், அதே இடத்தில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு சுவரை மறைத்துக் கெட்டியான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டுத் தட்டிப்பாருங்கள், எதிரொலி வெகுவாகக் குறையும். ரப்பர் செருப்புக்கு இது கேட்காது, கெட்டி அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும்.

கூரையில் "யாரோ நடக்கிற" சத்தம் வேறு ரகம். உலோகத் தகட்டுக் கூரை பகலில் விரிந்து இரவில் சுருங்கும். 10 மீட்டர் இரும்புத் தகடு 15 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. குறுகும். போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருப்பதால் சுருக்கம் உடனே நடக்காமல், இழுவிசை ஏறி ஏறி ஓரிடத்தில் 'டக்' என்று நழுவும். அடுத்து இன்னொரு போல்ட். வரிசையாக விழும்போது நடையேதான். சூரியன் மறைந்து கூரை வேகமாகக் குளிரும் நேரத்திலும், வெயிலில் காய்ந்த கூரைமேல் திடீர் மழை விழும்போதும் அதிகம் கேட்கும்.

பூட்டிய வகுப்பறையில் பேச்சுக்குரல் கேட்டது என்று வந்த கதைகளுக்கு, காற்றில் காரணம் தேடுங்கள். தெளிவான, காற்றோட்டமில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது வெப்பமாகவும் இருக்கும். மேலே போகிற ஒலி வளைந்து கீழே இறங்கும். பகலில் எட்டாத தூரத்துப் பேச்சு இரவில் காதருகே விழும்.

காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் பேயைக் காட்டுகிறது என்று இணையத்தில் அடிக்கடி வரும். ஆங்கிலேயப் பொறியாளர் விக் டாண்டி 1998-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது அது. தான் வேலை செய்த ஆய்வகத்தில் ஓடிய மின்விசிறி ஒன்றை அவர் காரணமாகக் காட்டினார். சுவையான யூகம், ஆனால் உங்கள் பள்ளிக்கு அதுதான் விளக்கம் என்று மலரில் எழுதிவிடாதீர்கள்.

---

குடுவை

மறையும் மைக்குத் தைமால்தாலீன். நிறங்காட்டிப் பொருள், பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 9.3-க்குக் கீழே நிறமில்லை, 10.5-க்கு மேலே நீலம். 0.1 கிராம் தூளை 10 மி.லி. எத்தனாலில் முதலில் முழுக்கக் கரையுங்கள். நேரடியாகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதக்கும். பிறகு 90 மி.லி. தண்ணீர். அதன்பின் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக, நீலம் நிலைக்கும்வரை மட்டும். தெளித்ததும் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு காரத்தைச் சமன் செய்ய, பி.எச். இறங்கி நிறம் போகும். வாயால் ஊதினால் சீக்கிரம் போகும்.

காரம் கூடிவிடுவதுதான் வழக்கமான பிழை. நாலு சொட்டு அதிகமானாலும் நீலம் வெகுநேரம் நிற்கும். பாட்டிலைப் பாதி காலியாக வைத்தால் உள்ளிருக்கும் காற்றிலேயே நிறம் போய்விடும், கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். ஃபீனால்ப்தலீன் என்ற இன்னொரு நிறங்காட்டியைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும், ஆனால் அது 8.2-க்குக் கீழே போனால்தான் முழுக்க மறையும், எனவே தாமதமாகும்.

ஆசிரியர் மேற்பார்வையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பழைய பருத்தித் துணியில் மட்டும். ஆள்மேல் தெளிப்பதை மலரில் போட வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் நிரந்தரப் பாதிப்பு வரலாம். பட்டால் உடனே 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவரைத் தேட வேண்டும்.

அரிப்புத்தூளைச் செய்முறையோடு எழுதவே கூடாது. பூனைக்காலிக் கொடியின் காய்மேலுள்ள பொன்னிறச் சுணைதான் அது. அதிலுள்ள மியூக்குனைன் என்ற நொதி தோலின் நரம்புகளை நேராகத் தூண்டுகிறது. ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் வழியாக வரும் அரிப்பு இல்லை என்பதால், வழக்கமான ஒவ்வாமை மாத்திரை பெரிதாக உதவாது. கண்ணிலோ மூச்சிலோ போனால் மருத்துவமனைதான். முதலுதவியை மட்டும் போடுங்கள்: தேய்க்கக் கூடாது, ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து உரித்துச் சுணையை எடுக்க வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீர், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

கரும்பலகையில் சாக்பீஸ் படிவது சொரசொரப்பால். மெழுகோ சோப்போ தேய்த்தால் அந்த நுண்குழிகள் அடைபட்டுச் சாக்பீஸ் வழுக்கும். சோப்பு வெந்நீரில் போய்விடும். மெழுகுக்கு, உறிஞ்சும் காகிதம் வைத்து மிதமான இஸ்திரிப்பெட்டியை மேலே ஓட்ட வேண்டும், சிரமமான வேலை. வெள்ளைப்பலகையில் அழியாத மார்க்கரை மாற்றி வைக்கும் குறும்புக்கு மருந்து எளிது: அதே கோட்டின் மேல் பலகை மார்க்கரால் எழுதி, காயும் முன்னே துடைத்தால் அதன் கரைப்பான் பழைய மையையும் இளக்கிக்கொண்டு வரும்.

---

பழையமணி

மிக்க நன்றி. குடுவை சார், ஒரு சின்னக் கேள்வி. மை மறைந்த இடத்தில் துணி விறைத்து வெள்ளையாகப் பூத்ததாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

---

குடுவை

காரம் கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட் உப்பு. வெறும் தண்ணீரில் அலசினால் போய்விடும். பட்டிலும் கம்பளியிலும் பட்டிருந்தால் நூலே நலிந்திருக்கும், திருத்த வழியில்லை.

---

சுவடி

ஐந்து வடிவங்கள் பற்றிக் கேட்டீர்கள். ஐந்தையும் போடுங்கள். ஒன்றை 'சரியானது' என்று தேர்ந்தெடுத்தால் கதையின் உயிரையே எடுத்துவிடுவீர்கள். எந்த ஆண்டு மாணவர் எதைச் சொன்னார் என்ற வரிசையில்தான் அது எப்படி வளர்ந்தது என்று தெரியும். முதலில் 'ஒரு பழைய மாணவன்' என்று இருப்பது, சில ஆண்டுகளில் பெயரும் வகுப்பும் பெறும். பிறகு ஓர் அறைக்குள் குடியேறும்.

ஆனால் குழுவில் பேசவிட்டுக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர்களின் நினைவு அதற்கு ஏற்பச் சாய்ந்துவிடும். தனித்தனியே எழுதி வாங்குங்கள். கேட்க வேண்டியவை: எந்த வகுப்பில் இருந்தபோது கேட்டீர்கள், யார் சொன்னது (சீனியரா, சக மாணவரா, காவலாளியா), எந்த இடம், என்ன செய்யக்கூடாது என்று சொன்னார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மிக நல்ல பதில்கள் வரும், ஏனென்றால் பள்ளிக் கதை எப்போதும் ஒரு தடையைச் சுமந்து வரும்: அந்தப் படியில் ஏறாதே, அந்தக் கிணற்றை எட்டிப்பார்க்காதே. அந்த இடத்தில் நிஜமான ஆபத்து ஏதும் இருந்ததா என்று பாருங்கள். கைப்பிடியில்லாத படிக்கட்டு, மூடாத தொட்டி, பழைய மின்பெட்டி என்று ஏதாவது அகப்படும்.

"பள்ளி கட்டும் முன் அது சுடுகாடு" என்ற வரி எங்கும் வரும். நில ஆவணத்தையும் கட்டட வரைபடத்தையும் பார்த்துவிட்டு, கிடைத்ததைக் கதைக்குப் பக்கத்தில் தனிக் கட்டமாகப் போடுங்கள். கதைக்குள் கலக்க வேண்டாம். இறந்த மாணவர் யாருடைய பெயராவது கதையில் வந்தால் பெயர், ஆண்டு, வகுப்பு மூன்றையும் எடுத்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தார் கையிலும் மலர் போய்ச் சேரும்.