புதுப்பிப்பு: அரூர் நாற்றங்காலில் சாய்ந்த சவுக்கு நாற்றுகள்

கோடை மழைக்குப் பிறகு, விதை முளைக்கவிடும் தாய்ப்பாத்தியில் சவுக்கு நாற்றுகள் தரையோடு தரையாக நைந்து சாய்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பரவல் நின்றுவிட்டது. சாய்ந்தவை எழவில்லை, எழவும் எழாது. மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து வெளியே கொட்டிவிட்டோம்.

"பூஞ்சை மருந்து கார்பென்டாசிம் ஊத்தியும் கேக்கலையே, ஏன்?" என்று பென்னாகரத்து அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். நாற்றுகள் இப்படி நைந்து சாயும் நாற்றழுகல் நோய்க்குக் காரணம் ஒரே கிருமி இல்லை அண்ணா. பித்தியம், ரைசோக்டோனியா, பியூசேரியம் என்று பல உண்டு. இதில் பித்தியம் அசல் பூஞ்சையே கிடையாது, நீர்ப்பூஞ்சை வகை. அதன் வித்துகள் மண்ணில் தேங்கும் நீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. நம் செம்மண் மழையில் இறுகி மேலே தண்ணீர் நின்றால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

நாங்கள் வடிகால் வெட்டினோம், நிழல்வலையைச் சுருட்டினோம், பூவாளித் தண்ணீரைக் காலையோடு நிறுத்தினோம். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தைக் கலந்து வேரடியில் ஊற்றினோம். மருந்தைவிட வடிகால்தான் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை அடுத்த விதைப்புக்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடுவேன். அது வருமுன் காக்கும், வந்தபின் மீட்காது. தாமிர மருந்தோடு சேர்த்துப் போடாதீர்கள். சித்திரை வெயிலில் ஈரப்படுத்திய பாத்தியை 4 முதல் 6 வாரம் கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி மண்ணைச் சூடேற்றிக் கிருமிகளைக் கொல்லவும் எண்ணம். கறுப்புத் தாள் அந்த அளவு சூடு தராது.

சந்தன நாற்றுக்குத் துணைச்செடியாகத் துவரை வைத்திருப்பவர்கள் யாராவது அழுகல் பார்த்தீர்களா?