இணைய ஏலத்தில் கைமீறும் விலை: வீம்பா, ஏலத்தின் அமைப்பா?

ஏகலைவன்:
பெட்டி பிரிக்காத புதுப் பொருள். ஒருவர் 'உடனே வாங்கலாம்' என்று நிலையான விலை போட்டு விற்கிறார். அதே தேடல் பக்கத்தில், இரண்டு வரி கீழே, அதே பொருள் ஏலத்தில் ஓடுகிறது. முடியும்போது ஏல விலை மேலே உள்ள நிலைவிலையைத் தாண்டிவிடுகிறது. எடுத்தவரோ தளம் அனுப்பிய வாழ்த்துச் செய்தியை ரசித்துக்கொண்டிருக்கிறார். இது ஏன் நடக்கிறது?

என் பதில், வீம்பு. பொருள் வேண்டும் என்று உள்ளே வருகிறவன், சற்று நேரத்தில் அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று கேட்கத் தொடங்கிவிடுகிறான். 'உங்களை முந்திவிட்டார்கள்' என்ற ஓர் அறிவிப்பு போதும், கை தானாகப் போகும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். நீங்கள் சொல்லும் அதே நிலைமையை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லீ, மால்மெண்டியர் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. கேஷ்ஃப்ளோ 101 என்ற பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் அது ஏறக்குறைய 130 டாலர் நிலைவிலைக்குத் தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதே விளையாட்டின் ஏலங்களில் 42 சதவீதம் அந்த விலையைத் தாண்டி முடிந்தன. அனுப்பும் செலவையும் சேர்த்தால் 73 சதவீதம்.

இதைக் கேட்டதும் உங்கள் பக்கம் வலுத்துவிட்டது போலத் தோன்றும். அடுத்த எண்ணையும் பாருங்கள். ஏலம் கேட்டவர்களில் நிலைவிலைக்கு மேல் ஒருமுறையாவது போனவர்கள் வெறும் 17 சதவீதம். ஆறு பேரில் ஐந்து பேர் ஒழுங்காகவே நடந்துகொண்டார்கள்.

அப்படியானால் 42 எங்கிருந்து வந்தது? ஏலத்தின் வேலையே அதிகம் கேட்பவரைத் தேடிப் பிடிப்பதுதான். நிலைவிலைக் கடையில் ஆறில் ஒருவர் விவரமற்றவராக இருந்தால், ஆறில் ஒரு விற்பனைதான் அவருடையது. ஓர் ஏலத்தில் ஆறு பேர் கேட்டு, அதில் அவர் ஒருவர் இருந்தாலே போதும், பொருள் அவருக்குத்தான் போகும். மனித குலம் முழுவதற்கும் வீம்பு பிடித்திருக்கத் தேவையில்லை.

பழைய தபால்தலை:
ஏலத்தில் கொடுக்கும் விலை 'கூடுதல்' என்று இருவரும் எளிதாக முடிவு கட்டிவிடுகிறீர்கள். யாருடைய அளவுகோலில் கூடுதல்? எனக்கு ஒரு தபால்தலை இன்ன தொகைக்குத் தகும் என்றால் தகும். என் சேகரிப்பில் காலியாக உள்ள இடத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. ஈபே போன்ற தளங்களில் வென்றவர் தாம் எழுதிய உச்சத் தொகையைக் கொடுப்பதில்லை. இரண்டாவதாக வந்தவரின் தொகைக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961இலேயே இந்தத் தர்க்கத்தை எழுதிவிட்டார், 1996இல் நோபல் பரிசும் பெற்றார். இத்தகைய ஏலத்தில் உண்மையான உச்சவரம்பை எழுதிவிட்டுத் தூங்கப் போவதே சிறந்த வழி. அப்படிச் செய்பவர் தம் மதிப்புக்கு மேல் ஒரு காசும் கொடுக்க மாட்டார்.

கணக்குப்பிள்ளை:
தபால்தலை அம்மா, விக்ரியின் தர்க்கம் நீங்கள் உங்கள் மதிப்பை அறிந்திருக்கிறீர்கள் என்று தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள, ஆனால் அந்த மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாத பொருளை எடுத்துக்கொள்வோம். பேசர்மன், சாமுவல்சன் இருவரும் 1983இல் வெளியிட்ட சோதனை இது. ஜாடிக்குள் நாணயங்களையும் வேறு சில பொருள்களையும் போட்டு, ஒவ்வொரு ஜாடியின் மதிப்பும் 8 டாலராக இருக்கும்படி வைத்து, மேலாண்மை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். மாணவர்களின் ஊகம் சராசரியாக 5.13 டாலர். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குறைத்தே மதிப்பிட்டார்கள். வென்ற தொகையின் சராசரியோ 10.01 டாலர்.

மிக அதிகமாக ஊகித்தவரே வெல்கிறார், வென்றதாலேயே நட்டப்படுகிறார். இதைத்தான் வெற்றியாளரின் சாபம் என்கிறார்கள். அந்தப் பெயர் பரவும் முன்பே, 1971இல், அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் இதைக் கவனித்து எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் உரிமங்களை எடுத்த நிறுவனங்களுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்பது அவர்கள் கேள்வி. அங்கே ஏலம் கேட்டவர்கள் மூடிய உறையில், நிபுணர்களை வைத்துக் கணக்குப் போட்டுக் கேட்டவர்கள். அவர்களுக்கு என்ன வீம்பு?

நடுவில் ஒருவன்:
எண்ணெய் நிறுவனங்களுக்கு வீம்பு கிடையாது என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஏகலைவன்:
நன்றி, நடுவில் ஒருவரே.

கணக்குப்பிள்ளை ஐயா, ஜாடி மாணவர்கள் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள், அதோடு முடிந்தது. இணைய ஏலம் நாள் கணக்கில் ஓடுகிறது. ஐந்து நாள் 'முதலிடத்தில் இருப்பவர் நீங்களே' என்று தளம் சொல்லிக்கொண்டே இருந்தால், பொருள் பாதி உங்களுடையதாகிவிடுகிறது. கடைசி நாளில் ஒருவர் முந்தும்போது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற தவிப்பு வருகிறது. ஹேமன், ஓர்ஹுன், ஏரியலி மூவரும் 2004இல் ஏலக் காய்ச்சலைப் பற்றி எழுதியபோது இதையும் ஒரு காரணமாகச் சோதித்தார்கள். முதலிடத்தில் நீடித்த காலமும் எதிராளிகளின் எண்ணிக்கையும் கேட்கும் தொகையை ஏற்றிவிட்டன.

தபால்தலை அம்மா சொல்லும் 'உச்சவரம்பை எழுதிவிட்டுத் தூங்குவது' எத்தனை பேரால் முடிகிறது? ராத், ஆக்கன்ஃபெல்ஸ் இருவரின் 2002ஆம் ஆண்டு ஆய்வைப் பாருங்கள். ஈபே ஏலம் குறித்த நொடியில் முடியும். அன்று அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசிப் பத்து நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி நேரக் கேட்பு ஈபேயில் கொட்டியது, அமேசானில் அந்த அளவுக்கு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் ஏன் கடைசி நொடி வரை ஒளிந்திருக்கிறார்கள்? முன்பே வந்தால், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும் ஆசாமியைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்ற பயம் ஒரு காரணம். வீம்பு இல்லாத உலகில் அந்தப் பயத்துக்கு என்ன வேலை?

பழைய தபால்தலை:
அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்குத்தான் கடைசி நேரக் கேட்பு அதிகம். காரணம் எளிது. பழம்பொருளில் நிபுணரின் கேட்பே ஒரு தகவல். நான் ஒரு தபால்தலையைக் கேட்டேன் என்று தெரிந்தால், அது போலி அல்ல என்று நான்கு பேருக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். நான் ஒளிந்திருப்பது உங்கள் வீம்புக்காரருக்குப் பயந்து அல்ல. என் அறிவை விலையில்லாமல் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

விளையாட்டுப் பெட்டி ஆய்வுக்கு வருகிறேன். நிலைவிலையைத் தேடிப் பார்க்க நேரம் வேண்டும். விற்பவரை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். சில டாலர் வித்தியாசத்துக்காக அதையெல்லாம் செய்யாமல் விடுவது அறிவீனம் ஆகாது.

கணக்குப்பிள்ளை:
நிலைவிலையில் விற்ற இருவரும் நல்ல மதிப்பீடு பெற்ற தொழில்முறை விற்பனையாளர்கள். பொருள் புதிது. ஏலத்தைக் காட்டிய அதே பட்டியலில் அவர்களும் இருந்தார்கள். எனவே நம்பிக்கைக் குறைவு, தேடும் உழைப்பு என்ற வாதங்கள் அவ்வளவாக நிற்காது. ஆய்வாளர்களே ஏலக் காய்ச்சலைவிடக் கவனக் குறைவுக்குத்தான் அதிக எடை தருகிறார்கள். ஒருமுறை ஏலத்துக்குள் நுழைந்துவிட்டால் பட்டியலின் மற்ற வரிகள் கண்ணில் படுவதில்லை.

ஏகலைவனுக்கு ஒரு சங்கடம். ககெல், ஹார்ஸ்டாட், லெவின் மூவரும் 1987இல் ஆய்வகச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். விலை கண் முன்னால் ஏறும் ஏலத்தில் மக்கள் தங்கள் மதிப்பு வந்ததும் விரைவிலேயே நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். தொகையை மறைவாக எழுதிக் கொடுத்து, வென்றவர் இரண்டாவது தொகையைக் கட்டும், விக்ரி சொன்ன மூடிய ஏலத்தில்தான் மதிப்புக்கு மேல் எழுதினார்கள், அனுபவம் வந்த பிறகும் அது தீரவில்லை. உங்கள் கணக்குப்படி, எதிராளி எதிரே நின்று ஏற்றும் ஏலத்தில் அல்லவா இரத்தம் கொதித்திருக்க வேண்டும்?

ஏகலைவன்:
ஆய்வகத்தில் ஒவ்வொருவர் கையிலும் 'இந்தப் பொருள் உனக்கு இவ்வளவு தகும்' என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து நிறுத்துவதில் என்ன பெருமை? வீட்டில் உட்கார்ந்து கேட்பவனுக்கு அந்தத் தொகையை யார் கொடுத்தது? அடுத்தவன் கேட்பதைப் பார்த்துத்தான் அவன் தன் மதிப்பையே உருவாக்கிக்கொள்கிறான். விலை ஏற ஏற வரம்பும் கூடவே ஏறுகிறது. நிறுத்தும் இடமே நகர்ந்துகொண்டிருந்தால் நிறுத்தக் கற்பது எப்படி?

விற்பனைக்காரன்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மறுபக்கத்தில் இருப்பவன். வாங்குபவரின் மனத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், அதை வைத்து ஏலத்தை வடிவமைக்கிற எங்களை யாரும் கேட்கவில்லை.

தொடக்க விலையை அடிமட்டத்தில் வைத்தால் கூட்டம் வரும், கூட்டத்தைப் பார்த்து மேலும் கூட்டம் வரும். சைமன்சோன், ஏரியலி இருவரும் 2008இல் இதைப் பதிவு செய்தார்கள். பல கேட்புகள் விழுந்திருந்தால் பொருள் நல்லது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கேட்புகள் பெரும்பாலும் விலை மலிவாக இருந்தபோது விழுந்தவை, அந்த மலிவு இப்போது இல்லை. அதே தொகையைக் கேட்டாலும் அங்கே வெல்லும் வாய்ப்பு குறைவு, வென்றால் கொடுப்பது அதிகம். ஆனாலும் அங்கேயே போகிறார்கள்.

அனுப்பும் செலவு இன்னொன்று. ஹொசைன், மோர்கன் இருவரின் 2006ஆம் ஆண்டுக் கள ஆய்வில் ஒரே பொருளை இரண்டு விதமாக வைத்தார்கள். ஒன்றில் தொடக்க விலை 4 டாலர், அனுப்புவது இலவசம். மற்றதில் தொடக்கம் ஒரே ஒரு சென்ட், அனுப்ப 3.99 டாலர். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விற்றவருக்கு இரண்டாவதில்தான் அதிகம் கிடைத்தது. கணக்குப்பிள்ளை சொன்ன 42 எப்படி 73 ஆனது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. அனுப்பும் செலவை மனக்கணக்கில் கூட்டுபவர்கள் குறைவு.

நடுவில் ஒருவன்:
பினாமிக் கேட்பு பற்றி எதுவும் சொல்லவில்லையே?

விற்பனைக்காரன்:
நான் செய்வதில்லை. செய்பவர்கள் உண்டு. வேறொரு கணக்கிலிருந்தோ, தெரிந்தவரை வைத்தோ தன் பொருளுக்குத் தானே விலை ஏற்றுவது. தளங்கள் தடை செய்திருக்கின்றன, கண்டுபிடிப்பது கடினம். தபால்தலை அம்மாவைப் போல உச்சவரம்பை முன்கூட்டியே எழுதி வைப்பவர்தான் இதற்கு மிக வசதியான இரை. வரம்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றி நிறுத்திவிட்டால், இரண்டாவது தொகையும் முதல் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

பழைய தபால்தலை:
அதனால்தான் கடைசி நொடியில் எழுதுகிறேன். மேலே சொன்ன காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒருவன்:
ஒவ்வொரு கேட்புக்கும் கட்டணம் வாங்கும் ஏலத் தளங்களை மறந்துவிட்டீர்கள். ஸ்வூப்போ நினைவிருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
2011இல் மூடப்பட்டது. அதை இங்கே கலக்க வேண்டாம். தோற்றவரும் பணம் கட்டும் ஆட்டம் அது, ஷூபிக் 1971இல் எழுதிய 'டாலர் ஏலம்' என்ற பொறியின் வகை. இறங்கியதே நட்டம், ஏறுவது அதைக் காப்பாற்றும் முயற்சி. நாம் பேசும் ஏலத்தில் தோற்றவருக்கு ஒரு காசும் போவதில்லை. அதனால்தான் இங்கே கூடுதலாகக் கொடுப்பது விளக்கம் கேட்கிற விஷயமாக இருக்கிறது.

விற்பனைக்காரரிடம் ஒரு கேள்வி. உங்களிடம் வாங்க வருபவர்கள் எல்லோரும் கேட்பதற்கு முன் நிலைவிலையைப் பார்த்துவிட்டு, அனுப்பும் செலவையும் கூட்டிவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்?

விற்பனைக்காரன்:
ஏலத்தையே விட்டுவிடுவேன். புதிய பொருள்களுக்கு ஏற்கெனவே விட்டுவிட்டேன். நான் மட்டுமல்ல, 2000ஆம் ஆண்டு வாக்கில் ஈபே என்றாலே ஏலம்தான், இன்று அங்கே பெரும்பகுதி நிலைவிலை விற்பனை. ஒப்பிட எளிதான பொருளை ஏலம் விட்டால் காத்திருப்புதான் மிச்சம். ஒற்றைப் பொருள், பழைய பொருள், விலை என்னவென்று எனக்கே தெரியாத பொருள், இவற்றை மட்டும் ஏலத்துக்கு வைத்திருக்கிறேன்.

ஏகலைவன்:
அப்படியென்றால் ஒப்பிட வேறு விலையே இல்லாத இடத்தில்தான் ஏலம் இப்போது தங்கியிருக்கிறது. அதாவது வீம்புக்கு வரம்பு வைக்க எதுவும் இல்லாத இடத்தில்.

பழைய தபால்தலை:
ஒப்பிட விலை இல்லை என்கிறீர்கள், கூடுதலாகக் கொடுத்தேன் என்றும் சொல்கிறீர்கள். எதைவிடக் கூடுதல்?

கணக்குப்பிள்ளை:
ஒரு வழி இருக்கிறது, அம்மா. வாங்கிய மறுவாரமே அதே தபால்தலையை ஏலத்துக்கு வையுங்கள். இந்தமுறை நீங்கள் கேட்க மாட்டீர்கள் அல்லவா?

பழைய தபால்தலை:
விற்கவா? அதற்கா வாங்கினேன்?