எழுத்தாளரை நேரில் சந்திக்கும்போது எதைக் கேட்பது?

விழுப்புரம் வாசகி:
வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு நாவல் என்று ஓராண்டாகக் கூடிப் பேசி வருகிறோம். சென்ற மாதம் நாவலாசிரியரையே அழைத்திருந்தோம். “இது உங்கள் சொந்தக் கதையா?”, “கடைசியில் அவர்கள் சேர்ந்தார்களா, இல்லையா?” என்ற இரண்டையே ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்டதில் ஒரு மணி நேரமும் கழிந்துவிட்டது. நான் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்த பத்தியைப் பற்றி, இவ்வளவு சின்ன விஷயத்தையா கேட்பது என்ற கூச்சத்தில், வாயே திறக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு எழுத்தாளர் வருகிறார். எப்படிக் கேட்டால் பேச்சு நாவலை விட்டு விலகாமல் இருக்கும்?

பழைய வாசகர்:
அந்தச் சின்ன விஷயத்தையே கேளுங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவல், அதன் நாயகன் காளிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமலே முடிகிறது. பின்னர் அவர் எழுதிய ‘ஆலவாயன்’ காளி இறந்துவிட்டதாகவும் ‘அர்த்தநாரி’ அவன் பிழைத்துக்கொண்டதாகவும் கொண்டு தொடர்கின்றன. “முடிவு என்ன?” என்ற கேள்விக்கு எழுத்தாளரிடமே இரண்டு பதில்கள் இருக்கின்றன! ஆனால் நாவலின் தொடக்கத்தில், மாமனார் வீட்டு வாசலில் தான் கொண்டுவந்து நட்ட பூவரச மரத்தின் நிழலில் காளி கிடக்கிறான். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கொம்பு பெருமரமாகிவிட்டது, அவனுக்கும் மனைவி பொன்னாவுக்கும் குழந்தை மட்டும் இல்லை. கடைசிப் பக்கத்திலும் அவன் அண்ணாந்து பார்ப்பது தன் தொண்டுப்பட்டியில் (ஆடுமாடு கட்டும் இடத்தில்) நிற்கும் பூவரசின் கிளைகளைத்தான். அந்த மரத்தைப் பற்றிக் கேட்டால் முழு நாவலையும் பேச வேண்டி வரும்.

நாமக்கல்காரர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். “இது உண்மையா?” என்ற கேள்வியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதே நாவலுக்கு எதிராக ஊரில் அந்தக் கேள்வி அதட்டலாக எழுந்து, கடையடைப்பு, பேச்சுவார்த்தை என்று வளர்ந்து, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளியது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அவரை மீண்டும் எழுதச் சொல்லி முடிந்தது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாராவது சாதாரணமாகக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வாழ்க்கையில் நடந்ததைக் கதையாக்கும்போது எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், எழுத்தாளர் தம் வேலையைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

கோவை வாசகர்:
இங்கே ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழாவில், எழுத்தாளர்களுடனான அமர்வுகளுக்கு வாசகர்கள் அவர்களுடைய நூல்களைப் படித்துவிட்டு வருவார்கள். உங்கள் குழுவிலும் நாவலை முழுமையாகப் படித்தவர் முதலில் கேட்கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணைச் சொல்லி, அந்தப் பத்தியை வாய்விட்டு வாசித்த பிறகு கேளுங்கள்.

விழுப்புரம் வாசகி:
மூவருக்கும் நன்றி. வரப்போகும் நாவலில் ஒரு தாய், மகன் ஊரைவிட்டுப் போன அன்று இரவும் அவனுக்குச் சேர்த்தே அரிசி அளந்து போடுகிறாள். மறுநாள் காலையில் அந்தப் பழைய சோற்றை என்ன செய்தாள் என்று நாவலில் எங்குமே இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன். இந்த முறை அதைக் கேட்டுவிடுகிறேன்.