0.93 எங்கே போயிற்று?

வான்நோக்கி: "ஈர்ப்பு ஒளியை வளைக்கிறது என்பது 1919 சூரிய கிரகணத்தில் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் செய்த ஜோடனை" என்று கோணல்மானி நேற்று எழுதியிருக்கிறார். ஒரே வரியில் நூறாண்டு அளவீடுகளுக்குக் கொள்ளி வைத்துவிட்டார்!

கோணல்மானி: அந்தக் கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலில் எடுத்த ஒரு தொகுதிப் புகைப்படத் தகடுகளில், சூரியனருகே தெரிந்த விண்மீன்களின் ஒளி காட்டிய விலகல் 0.93 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). ஐன்ஸ்டீன் சொன்னது 1.75, நியூட்டன் கணக்கு 0.87. அந்த 0.93ஐ எடிங்டன் ஏன் ஒதுக்கினார்?

வான்நோக்கி: ஒதுக்கியவர் எடிங்டனே அல்ல. அவர் அதே கிரகணத்துக்கு ஆப்பிரிக்கக் கரையோரப் பிரின்சிபி தீவில் மேகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சோப்ரால் தகடுகளுக்குப் பொறுப்பு இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் இருந்த டைசன். தொலைநோக்கிக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி வெயிலில் சூடேறிக் குவியம் கெட்டதாம்; தகட்டில் விண்மீன்கள் மங்கிப் பரவிக் கிடந்தன. அதே சோப்ராலில் நான்கு அங்குல லென்ஸ் காட்டிய 1.98ஐச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையோ?

கோணல்மானி: 1.98 மட்டும் 1.75 ஆகிவிடுமா? பிடித்த எண் வந்தால் நல்ல தகடு, பிடிக்காத எண் வந்தால் குவியம் கெட்ட தகடு! நான் கேட்டது 0.93.

தச்சன்: அதே தகடுகளை 1979இல் மறுபடி அளந்தார்கள். 1.55 வந்தது, பிழை எல்லை 0.34.

கோணல்மானி: அறுபது ஆண்டு கழித்து வந்த எண் எனக்கெதற்கு? 1919இல் கையில் இருந்தது 0.93.

வான்நோக்கி: தகட்டை விடுங்கள் ஐயா. ரேடியோ அலைக்குக் கிரகணமே வேண்டாம். 3சி 279 என்ற குவேசார், அதாவது ரேடியோ அலை வீசும் தொலைதூர விண்மீன் மண்டல மையம், ஆண்டுதோறும் அக்டோபரில் சூரியனுக்குப் பின்னால் போகிறது. 1969இலேயே அதை வைத்து அளந்துவிட்டார்கள். சூரியனைச் சுற்றியுள்ள மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவும் ரேடியோ அலையை வளைக்கும். ஆனால் அந்த வளைவு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும், ஈர்ப்பின் வளைவு மாறாது. இரண்டு அதிர்வெண்களில் அளந்தால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். 2002இல் காசினி விண்கலத்தின் சமிக்ஞைகள் சூரியனருகே கடந்தபோது அளந்த ஈர்ப்பு விளைவு, லட்சத்தில் இரண்டு மூன்று பங்குத் துல்லியத்தில் ஐன்ஸ்டீனோடு ஒத்துப்போனது.

கோணல்மானி: ஒளியைக் கேட்டால் வானொலிப் பெட்டியைத் திறக்கிறீர்கள்.

வான்நோக்கி: இரண்டும் மின்காந்த அலைதான், பத்தாம் வகுப்புப் பாடம். புதன் கோள் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

கோணல்மானி: அந்த விவாதத்தில் என்னைப் 'பள்ளிக்கூட வாத்தியார்' என்று ஏளனம் செய்தவர்தானே நீங்கள்?

தச்சன்: வாத்தியார் என்றால் ஏளனமா? நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.

கோணல்மானி: உங்களைச் சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பேசுகிறேன்.

வான்நோக்கி: முதலில் நீங்கள் என்னை 'எடிங்டனின் அடிவருடி' என்று எழுதியதை நீக்குங்கள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.