ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது காப்புக் கயிறு அடிக்கடி இறுகுகிறது, என்ன செய்யலாம்?

மலைத்தடம்:
தன்னார்வ மீட்புக் குழுப் பயிற்சி. 11 மி.மீ. ஸ்டாடிக் (அதிகம் நீளாத) கயிறு இரண்டு. ஒன்றில் டிசென்டர் (கயிற்றை உரசிப் பிடித்து மெல்ல விடும் கருவி) வழியாகச் சுமை இறங்குகிறது, மற்றதில் இரட்டைப் புருசிக் காப்பு (கயிற்றின் மேல் சிறு கயிற்றால் சுற்றிய, சுமை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் இரண்டு முடிச்சுகள்). நோயாளிக்குப் பதில் 80 கிலோ மணல் மூட்டை. இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை புருசிக் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் அந்தரத்தில் நிற்கிறது. பாறை விளிம்பைத் தாண்டும்போது 'தொப்'பென்று ஒரு மீட்டர் இறங்கிவிடுகிறது. எங்கே தப்பு?

கயிறுதிரி:
புருசிக் கயிறு எது? 11 மி.மீ.க்கு 8 மி.மீ. போதும், மெத்தென்று வளைய வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று. வெட்டும் நீளம் 135, 165 செ.மீ. வைத்தால் முடிச்சுகளுக்கு இடையே ஒரு கையகல இடைவெளி கிடைக்கும்.

பெரும்பாலும் குறை ஆள் பிடிக்கும் விதத்தில்தான். ஒரு கை முடிச்சுகளை விரல் நுனியால் பின்தள்ளியபடி இருக்கட்டும், மறு கை கயிற்றை எடுத்துக் கொடுக்கட்டும். முஷ்டியால் இறுக்கிப் பிடித்தால் உண்மையிலேயே சுமை விழும்போது முடிச்சு பிடிக்காமல் போகலாம். அது இறுகுவதைவிட மோசம். டிசென்டர்காரர் விட்டுவிட்டு இறக்கினாலும் இப்படித்தான் ஆகும். ஒரே வேகம் வேண்டும்.

இறுகினால் அவிழ்க்க, புருசிக்குக்கும் ஆங்கருக்கும் (கயிறுகளைக் கட்டும் நிலையான பிடிமானம்) நடுவே சுமை விடுவிப்பு முடிச்சு (சுமை இருக்கும்போதே மெல்லத் தளர்த்தக்கூடியது) இருக்கிறதா? இல்லையென்றால் 3:1 புல்லி (மூன்றில் ஒரு பங்கு விசையில் தூக்கும் கப்பி அமைப்பு) போட்டுத் தூக்கித்தான் விடுவிக்க முடியும்.

பாறைமுனை:
விளிம்புப் பிரச்சினை வேறு. பிரைடிலின் (ஸ்ட்ரெச்சரைத் தொங்கவிடும் கயிற்றுத் தொகுப்பு) நாலு கால்களும் சேரும் வளையம் ஸ்ட்ரெச்சருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலே இருக்கிறது, கயிறோ தரையோடு தரையாக வருகிறது. வளையம் விளிம்புக்குக் கீழே போகும்வரை சுமை முழுதாக ஏறாது. ஏறும்போது ஒரே உதறல்தான்.

முக்காலியிலோ மரத்திலோ புல்லி கட்டி, சுமைக் கயிற்றை நெஞ்சுயரத்துக்குத் தூக்குங்கள். முக்காலியின் கால்களைச் சாயும் திசைக்கு எதிராகக் கட்டிவிட வேண்டும் (பாதிப் பேர் மறப்பது இதைத்தான்). காப்புக் கயிறு விளிம்புப் பாதுகாப்பின் மேல் தரையோடு போகட்டும். முக்காலி சரிந்தாலும் அதில் பெரிய தளர்வு விழாது.

சுமைதாங்கி:
புருசிக்கையே விட்டுவிடலாமே! இரண்டு கயிற்றையும் தானாகப் பூட்டும் டிசென்டரில் ஏற்றி, சுமையைப் பாதிப் பாதியாகப் பகிருங்கள். 30 மீட்டர் வெளியே போன தளர்ந்த காப்பில் திடீரென்று சுமை விழுந்தால், கயிறு நீள்வதே ஆளைப் பாறையில் மோத வைக்கும். ஏற்கெனவே இறுகிய கயிற்றில் அந்த நீட்சி குறைவு. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் விடப் பழக வேண்டும், அவ்வளவே.

மூட்டைக்குப் பதில் ஆளை ஏற்றுமுன், பட்டைகள் கட்டிய ஸ்ட்ரெச்சரைத் தரையிலேயே கால்பக்கம் கீழாக நிமிர்த்திப் பாருங்கள். ஆள் வழுக்கினால் இடுப்புப் பட்டை தளர்வு, அல்லது பாதத்தைத் தாங்கும் பட்டை இல்லை. வாக்குவம் மெத்தை (காற்றை உறிஞ்சினால் உடலைச் சுற்றி விறைக்கும் மெத்தை) என்றால் காற்றை இழுத்தபின் பட்டைகளை மறுபடி இறுக்கவும், மெத்தை சுருங்கிவிடும்.

மலைத்தடம்:
எங்கள் புருசிக் 6 மி.மீ., விறைப்பானது. சுமை விடுவிப்பு முடிச்சும் இல்லை. முதலில் இந்த இரண்டையும் சரிசெய்து பார்க்கிறோம்.