அப்டேட்: அம்மாச்சிக்கு குடல் அடைப்பு, காரணம் தெரிஞ்சிடுச்சு, ஆபரேஷனும் முடிஞ்சது

80 வயசு அம்மாச்சிக்கு வயிறு உப்பி வாந்தி நிக்கல, வலது தொடை உள்பக்கம் முட்டி வரைக்கும் சுரீர்னு இழுக்குதுன்னு எழுதியிருந்தேன்ல, உடனே சிடி ஸ்கேன் எடுங்கன்னு சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வந்தது ஆப்டுரேட்டர் ஹெர்னியா. இடுப்பெலும்புல நரம்பு போற சின்ன ஓட்டைக்குள்ள சிறுகுடல் போய் மாட்டிக்கிச்சு, வெளிய வீக்கமே தெரியாது, அதனால வெறும் கையால தொட்டுப் பாத்து கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம். ஒல்லியான வயசான பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருமாம், உடம்பு இளைக்கும்போது அந்த ஓட்டைய அடைச்சிட்டிருக்கிற கொழுப்பும் கரைஞ்சிடுது. சர்ஜன் காலை நீட்டி உள்பக்கமா திருப்புனதும் அம்மாச்சி அலறிட்டாங்க, மடக்கி வச்சதும் குறைஞ்சிடுச்சு, நரம்பு நசுங்குறதோட அறிகுறி அது. முட்டி வலின்னு மாத்திரை குடுத்து அனுப்புன இடத்துல இதை ஒரு தடவ செஞ்சு பாத்திருக்கலாம், இன்னமும் மனசு ஆறல.

வயித்தைத் திறந்துதான் பண்ணாங்க. மாட்டுன துண்டு கருத்துப் போயிருந்துச்சு, வெந்நீர்ல நனைச்ச துணிய சுத்தி வச்சுப் பாத்தும் நிறம் திரும்பல, அதை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துட்டாங்க. குடலை வெட்டுனா கிருமி பரவும், ஓட்டைய அடைக்க வைக்கிற வலை (மெஷ்)ல இன்ஃபெக்‌ஷன் புடிச்சா பெரிய தொல்லைன்னு அதை வைக்காம ஓட்டைய தையல் போட்டே மூடிட்டாங்க.

ராத்திரி ஆள் அடையாளம் தெரியாம பேசுனதுதான் பயமுறுத்திச்சு, மயக்க மருந்துக்கப்புறம் இந்த வயசுல வருமாம், கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிட்டு பக்கத்துலயே பேசிட்டிருந்ததும் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சாங்க. இப்ப கேஸ் போகுது, கஞ்சித்தண்ணி இறங்குது, கையைப் புடிச்சு வார்டு வாசல் வரைக்கும் நடக்குறாங்க.