வெளிநாட்டு வார்டில் குறிப்பை ஏஐ எழுதும் என்றால், நாம் எழுதிப் பழகுவது வீணா?

கேள்வி: வார்டு செவிலியர், அஸ்தம்பட்டி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 6 ஆண்டுகளாக வார்டு செவிலியராக இருக்கிறேன். இங்கிலாந்து செல்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதிவருகிறேன். கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் தேவையான 350 கிடைத்துவிட்டது. எழுத்தில் மட்டும் 300 வேண்டிய இடத்தில் இரண்டு முறையும் 280-இல் நின்றுவிட்டேன். இரவுப் பணி முடித்து வீடு திரும்பி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தூக்கக் கண்களோடு உட்கார்ந்து கடிதம் எழுதிப் பழகுகிறேன்.

சென்ற வாரம் ஓர் ஏஜென்சிக்குப் போயிருந்தேன். "அங்கெல்லாம் இப்போது ஏஐ வந்துவிட்டது, நோயாளியிடம் பேசினால் போதும், குறிப்பை அதுவே எழுதிவிடும், எழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். என் மனம் ஒப்பவில்லை. அங்கே பணியில் இருப்பவர்கள் உண்மை நிலையைச் சொல்ல வேண்டும். என் ஆங்கிலம் சேலத்து ஆங்கிலம். அதை அந்தக் கருவி சரியாகப் புரிந்துகொள்ளுமா? தவறாக எழுதிவிட்டால் பொறுப்பு கருவிக்கா, எனக்கா?

பதில்: ஆத்தூரில் பிறந்தவர், இப்போது இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சை வார்டில்

தங்கை, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு முழுவதும் உன்னுடையது. இங்குள்ள செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பான என்எம்சியின் நடத்தை விதிகளில் 10ஆம் பிரிவு பதிவேடுகளைப் பற்றியது. பதிவு தெளிவாகவும் துல்லியமாகவும் பொய் கலவாமலும் இருக்க வேண்டும், எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும் என்று அது சொல்கிறது. இத்தகைய கருவிகளுக்காக, இங்குள்ள அரசு மருத்துவச் சேவையை நடத்தும் என்எச்எஸ் இங்கிலாந்து 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலும், வெளிவரும் குறிப்பைப் பயன்படுத்துபவரே சரிபார்க்க வேண்டும் என்றுதான் கூறுகிறது. கருவி தருவது வரைவு. நீ படித்து ஒப்புதல் கொடுத்த பிறகே அது பதிவு. விசாரணை வந்தால் உன் செவிலியர் பதிவு எண்ணான பின் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

இக்கருவிகள் பெரும்பாலும் மருத்துவர்களின் வெளிநோயாளிப் பிரிவுகளிலும் குடும்ப மருத்துவர்களிடமும்தான் முதலில் வந்தன. எங்கள் வார்டில் சில மாதங்களாகச் சோதனை முறையில் ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அறுபது கிலோ எடையுள்ள ஒரு நோயாளிக்கு மணிக்கொரு முறை சிறுநீர் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மணியில் 15 மில்லி. "ஃபிஃப்டீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். ஒப்புதல் கொடுக்கும் முன் வரைவைப் படித்தபோது அதில் 50 என்று இருந்தது. ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்று கணக்கிட்டால் அவருக்குக் குறைந்தது 30 வர வேண்டும். 50 என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்; 15 என்றால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அளவுக் குடுவையின் அடியில் கிடந்த அந்தக் கொஞ்சம் சிறுநீர் என் கண்ணிலேயே நின்றதால்தான் பிழை பிடிபட்டது. களைத்துப்போய்ப் படிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றிலிருந்து "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று இரண்டு விதமாகவும் சொல்கிறேன். வாய்மொழி மருந்து ஆணைகளுக்கு நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படும் பழக்கம்தான் அது. சேலத்திலேயே நீ அதைத் தொடங்கிவிடலாம்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊரில் நாம் மௌனமாக வேலை செய்து பழகியவர்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைப் பார்த்து, மனதில் குறித்துக்கொண்டு, டியூட்டி முடியும் நேரத்தில் மேசையில் உட்கார்ந்து நர்ஸஸ் நோட்ஸ் எழுதுவோம். கருவிக்குக் கண் கிடையாது; வாய்விட்டுச் சொன்னது மட்டுமே குறிப்பில் ஏறும். "இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை" என்பதை நோயாளியின் முன்னிலையில், அவர் அஞ்சாத வகையில், ஆங்கிலத்தில் அந்தக் கணமே சொல்ல வேண்டும். பேச்சு பதிவாகிறது என்பதையும் அவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். ஆக, கருவி வந்த பிறகு எனக்கு முன்பைவிட அதிக ஆங்கிலம் தேவைப்படுகிறது. நோயாளி மலம் கழித்ததற்கு நாம் எழுதும் "பாஸ்டு மோஷன்" இங்கே "பவல்ஸ் ஓபன்ட்". வாய்வழி எதுவும் தரக் கூடாது என்பதற்கான நம் "என்பிஓ" இங்கே "நில் பை மவுத்". முதியவர் ஒருவர் "ஸ்பெண்ட் எ பென்னி" என்றால் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று பொருள். கருவி அந்தச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதிவிடும், ஆனால் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக வேண்டியவள் நீ.

பதில்: தேர்வுப் பயிற்றுநர், ஐந்து ரோடு, சேலம்

சிஸ்டர், ஏஜென்சி சொன்னதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். ஓஇடி எழுத்துத் தேர்வு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளிக் குறிப்புகளைப் படிக்க மட்டும், மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொற்களில் கடிதம். அங்கே உங்களுக்கு உதவ எந்தக் கருவியும் வராது. அதன் பிறகு இங்கிலாந்தில் எழுத வேண்டிய ஓஎஸ்சிஇ செய்முறைத் தேர்விலும், அதன் ஒரு கட்டமான திட்டமிடல் நிலையத்தில் பராமரிப்புத் திட்டத்தை நீங்களே எழுத வேண்டும். பேச்சே இல்லாத இரண்டு எழுத்து நிலையங்களும் அதில் உண்டு.

என்னிடம் 280-இல் நிற்பவர்கள் பலர் வருகிறார்கள். அவர்களின் இலக்கணம் பெரும்பாலும் மோசமில்லை. கேஸ் நோட்ஸில் இருப்பதையெல்லாம் கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த குடல்வால் அறுவை, இன்று காலில் உள்ள புண்ணுக்காக, வீட்டுக்கு வந்து கவனிக்கும் மாவட்டச் செவிலியருக்கு எழுதும் கடிதத்தில் எதற்கு? பெறுபவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரிப்பதற்கே அங்கு மதிப்பெண். ஆத்தூர் சிஸ்டர் வரைவைப் படித்துப் பிழை கண்டாரே, அதற்கும் அடிப்படை இதே திறமைதான். எனவே இந்த உழைப்பு தேர்வோடு முடிந்துபோவதில்லை.

இப்போது மாணவர்கள் பலர் ஏஐ எழுதிய கடிதத்தை நகலெடுத்து வந்து காட்டுகிறார்கள். படிக்க அழகாக இருக்கும், ஆனால் கை பழகாது. நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். முதலில் கடிகாரம் வைத்துச் சொந்தமாக எழுதுங்கள். பிறகு பயிற்சிப் புத்தகத்திலுள்ள ஒரு கேஸுக்கு ஏஐயைக் கடிதம் எழுதச் சொல்லி, சிவப்பு மையால் அதைத் திருத்துங்கள். ஒரு வேண்டுகோள்: பணியிடத்தின் உண்மையான கேஸ் ஷீட்டைப் படமெடுத்து எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள். அது நோயாளி நம்மை நம்பித் தந்த தகவல்.

பதில்: மென்பொருள் பணியாளர், ஏற்காடு

என் மனைவி வளைகுடாவில் செவிலியராக இருந்து திரும்பியவர். அவருக்காகத் தேடிப் படித்ததைப் பகிர்கிறேன். உச்சரிப்புப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும், ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணர் அமைப்புகளைச் சோதித்தபோது, வெள்ளை அமெரிக்கர்களின் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்கள் தவறின. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 35. நம் உச்சரிப்பை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. ஆயினும் யாருடைய குரலில் பயின்றதோ அவர்களுக்கே அமைப்பு நன்றாக உழைக்கும் என்பது அதில் தெரிகிறது. அதன்பின் கருவிகள் வெகுவாக முன்னேறியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, கருவி இல்லாததை எழுதுவது. விஸ்பர் என்ற பேச்சுணர் மாதிரியைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 1 சதவீதப் பதிவுகளில் யாரும் பேசாத வாக்கியங்கள் இருந்தன. பேச்சில் நீண்ட இடைவெளி விழும்போது, குறிப்பாகப் பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடைப்பட்டவர்களிடம், இது கூடுதலாக நேர்ந்தது. அத்தகைய நோயாளிகள் இருக்கும் வார்டுக்குப் போனால், வரைவை வரிவரியாகப் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்காவுக்கும் சார் இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவுப் பணியில், பதிவுக் கருவி எதுவும் இல்லாமலேயே, ஒவ்வொரு படுக்கையிலும் நான் பார்ப்பதை ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நோயாளியின் ஊசிக்குழாய் இடத்தில் இருந்த வீக்கத்தைச் சொல்ல வாயெடுத்தபோது சரியான சொல் வரவில்லை. எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, பேசும்போது கிடைப்பதில்லை என்று அப்போதுதான் உணர்ந்தேன். அந்த வீக்கத்துக்கான சொற்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஏஜென்சிக்குப் போன் செய்து, எழுத்துத் தேர்வில் 300 இல்லாமலே இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு கிடைக்கும் என்பதை எழுதித் தரும்படி கேட்டேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் மாலை வரை அழைக்கவில்லை. முன்பணம் கட்டவில்லை. பயிற்றுநர் சார், நான் திருத்திய கடிதம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து காட்டலாமா?